கத்தரித்த துணியும் கத்தரித்த கடதாசியும்

கெய்ரோவில் பாபு ஸுவைலா என்ற வாயில் பாத்திமியர் காலத்தில், 1092இல் கட்டப்பட்டது. அந்த வாயிலுக்குத் தெற்கே போனால் கூரை போட்ட ஒரு கடைத்தெரு வரும். உஸ்மானியர் ஆட்சியில் 1650ஆம் ஆண்டளவில் ரிள்வான் பே என்ற அமீர் கட்டிய தெரு அது. பெயர் கியாமிய்யா. 'கைமா' என்றால் கூடாரம். கூடாரம் தைப்பவர்களின் தெரு. இன்றைக்கும் அங்கே ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய கத்தரிக்கோலால் வண்ணத் துணிகளை வெட்டி, தடித்த கன்வஸ் மேல் வைத்துத் தைக்கிறார்கள்.

நம்ம வீடுகளில் ஒட்டுப் போடுவது என்றால் கிழிசலை மறைக்கிற வேலை. அங்கே அது தலைமுறை தலைமுறையாக வந்த கலை. கூடாரத்தின் வெளிப்பக்கம் வெறும் மண்ணிறக் கன்வஸ்தான். உள்ளே நுழைந்தால் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு தோட்டம். கலியாணம், மையித்து வீடு, நோன்பு காலம், மவ்லித் என்று எல்லாவற்றுக்கும் இந்தத் துணிகளைத் தெருவிலே கட்டிவிடுவார்கள். நமது பந்தலைப் போல, காரியம் முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடலாம்.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கடதாசியை நான்காகவோ எட்டாகவோ மடித்து, ஒரு மடிப்பில் மட்டும் கோலத்தை வரைகிறார்கள். கோடு நெடுகிலும் ஊசியால் குத்தித் துளையிட்டு, விரித்துக் கன்வஸ் மேல் வைத்துக் கரித்தூளைத் தேய்த்தால் கோலம் முழுவதும் புள்ளி புள்ளியாகப் பதியும். பிறகு வண்ணத் துணியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி வைத்து, ஊசி நுனியாலேயே ஓரத்தை உள்ளே மடித்து மடித்துத் தைத்துக்கொண்டு போவார்கள். ஓரம் பிசிறக் கூடாது, தையல் வெளியே தெரியவும் கூடாது. கை பழக வருடங்கள் பிடிக்கும்.

அந்தத் துணியில் தாமரை உண்டு, கொடி உண்டு, இலை உண்டு. ஆனால் இது எந்த மரத்து இலை என்று கேட்டால் பதில் வராது. நைல் கரையில் பூத்த பூ, கடதாசி மடிப்பிலே எட்டாகப் பெருகி, நட்சத்திரமாகிப் போயிருக்கும். உருவம் வரையத் தடை இருந்ததால்தான் முஸ்லிம்கள் இப்படிக் கோலம் போட்டார்கள் என்று நம்மவர்களும் எழுதுகிறார்கள், வெளியாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. வெட்டிய துணி தட்டையானது. அதில் நிழல் விழாது, ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறாது. மடித்துத் தைக்கிற ஓரம் நுணுக்கமான வளைவுகளுக்கு இடங்கொடாது. எது முக்கியமோ அதை மட்டும் வைத்து மற்றதை விடு என்று துணியே சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு ஐரோப்பியப் பயணிகள் வரத் தொடங்கியபோது, இதே தெருவில் பிர்அவ்ன் காலத்து மனித உருவங்களையும் பறவைகளையும் தைத்து விற்றார்கள். தடைதான் முழுக் காரணம் என்றால் இதற்கு என்ன சொல்வது? (ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பில் வந்திறங்கியதும் இதே காலப்பகுதிதான்.)

இனி பிரான்ஸுக்குப் போவோம். ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1869இல் பிறந்தவர். வளர்ந்தது பொஹான் என்ற நெசவாளர் ஊரில். நமது மருதமுனை மாதிரித் தறிச் சத்தத்தோடு வளர்ந்த மனிதர். வாழ்நாள் முழுக்கத் துணி சேர்த்தார். 1910இல் மியூனிச்சில் நடந்த இஸ்லாமியக் கலைக் கண்காட்சியைப் போய்ப் பார்த்தார். 1912, 1913 இல் தான்ஜியரில் தங்கி வரைந்தார். அவர் சேர்த்த துணிகளில் எகிப்தியக் கூடாரத் திரையொன்றும் இருந்தது. 2004, 2005 இல் பிரான்ஸ், இலண்டன், நியூயோர்க் என்று சுற்றிவந்த கண்காட்சியில் அவரது ஓவியங்களோடு அந்தத் துணிகளையும் வைத்தார்கள்.

1941இல் பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் பிறகு அவரால் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். 1930இல் தஹிட்டித் தீவில் பார்த்த கடலும் வானமும் 16 வருடம் கழித்து, 1946இல், அவரது பரிஸ் வீட்டுச் சுவரில் வெள்ளைக் கடதாசித் துண்டுகளாக வந்து சேர்ந்தன. மீன், பறவை, பவளம், கடற்பாசி எல்லாம் தட்டையாக, நிழலில்லாமல், ஊசி குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. பிறகு அவை லினன் துணியில் அச்சாகின. கடதாசியில் தொடங்கியது கடைசியில் துணிக்கே வந்தது.

கியாமிய்யாவைப் பார்த்துத்தான் மத்தீஸ் கத்தரிக்கோலைத் தூக்கினார் என்று எழுதச் சிலருக்குக் கை துடிக்கும். அந்தளவுக்கு ஆதாரம் போகாது. அந்தத் திரை அவரிடம் இருந்தது, இரண்டு பேரும் இயற்கையை வெட்டியே சுருக்கினார்கள் என்பது மட்டும் நிச்சயம். எனக்கு உறுத்துவது வேறு. மத்தீஸ் வெட்டிய கடதாசிக்குப் பெயரும் ஆண்டும் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அவரிடமிருந்த திரையைத் தைத்தவர் யாரென்று எங்கும் எழுதப்படவில்லை. ஐரோப்பியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கெய்ரோவில் கூடாரம் வாங்கியவர்களும் தைத்தவனின் பெயரைக் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அது கைவேலை, கூலி கொடுத்தால் சரி.

இப்போது நோன்பு காலத்தில் கெய்ரோத் தெருக்களில் தொங்குவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் அச்சடித்த துணி. அதே தாமரை, அதே நட்சத்திரம், விலை மிகக் குறைவு. கையால் தைப்பவர்கள் தலையணை உறைக்கும் சுவர்த் துணிக்கும் மாறிவிட்டார்கள். 2011க்குப் பிறகு பயணிகள் குறைந்தபோது அந்த வியாபாரமும் அடிபட்டது. அங்கே போகிறவர்கள் வாங்குமுன் துணியைப் புரட்டிப் பார்க்கட்டும். கைவேலை என்றால் பின்பக்கக் கன்வஸில் ஒவ்வோர் இலையின் ஓரமும் சிறு சிறு தையலாகத் தெரியும். அச்சுத் துணியில் அந்தத் தையலே இருக்காது.