முதுமையும் மைட்டோகாண்ட்ரியாவும்: சிகிச்சையின் இலக்கு எது?

சுவாசத்தின்போது மைட்டோகாண்ட்ரியா வெளிவிடும் ஆக்சிஜன் தனி உறுப்புகள் (free radicals) மைட்டோகாண்ட்ரியாவையே சேதப்படுத்துகின்றன. அச்சேதம் சேர்ந்து முதுமையாகிறது என்று டென்ஹாம் ஹார்மன் 1972இல் வாதிட்டார். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை உட்கொண்டால் முதுமை தாமதப்படும் என்ற நம்பிக்கை இதன்வழி வலுப்பெற்றது. அந்த நம்பிக்கைக்குச் சான்றுகள் இடந்தரவில்லை. பழுதுற்ற மைட்டோகாண்ட்ரியாவை நீக்கிப் புதியதை உண்டாக்கும் உயிரணுவின் பராமரிப்புத் திறனே சிகிச்சைக்கு உரிய இலக்கு என்பது இக்கட்டுரையின் வாதம்.

மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியின் பிழைதிருத்தும் ஆற்றல் நீக்கப்பட்ட எலிகளை 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள் விவரித்தனர். சுமார் 25 வாரத்திலேயே அவற்றின் எடை குறைந்தது, முடி உதிர்ந்தது, முதுகு வளைந்தது, எலும்பு தேய்ந்தது. மைட்டோகாண்ட்ரியப் பழுது முதுமையின் கோலத்தை வரவழைக்கும் என்பது உறுதியாயிற்று. ஆனால் இத்தகைய எலிகளில் ஆக்சிஜனேற்றச் சேதம் கூடவில்லை, உயிரணு மடிவதே கூடியது என்று 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

தனி உறுப்புகளுக்குப் பயனும் உண்டு. மைக்கேல் ரிஸ்டோ குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில் இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தனர். வைட்டமின் சி, ஈ மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை. உடலின் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞையையே மாத்திரை அடக்கிவிட்டது என்பது ஆய்வாளர் விளக்கம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கேட்டலேஸ் நொதியைச் சுரக்கச் செய்த எலிகள் சுமார் 20 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தனவே என்று இங்கே கேட்கலாம். அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாகும் இடத்திலேயே சிதைக்கும் மரபணு மாற்றம். உடல் முழுதும் பரவும் மாத்திரைக்கு அதைச் சான்றாக்க முடியாது.

பராமரிப்பை இலக்காக்கும் மருந்துகளும் தேர்வுக்கு உட்பட்டவையே. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் களையத் தூண்டும் யூரோலித்தின் ஏ, 65 முதல் 90 வயதுடைய 66 பேரிடம் நான்கு மாதம் சோதிக்கப்பட்டது. 2022இல் வந்த முடிவின்படி, கை, கால் தசைகளின் தாங்குதிறன் இரண்டாம் மாதத்தில் உயர்ந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் போலி மருந்து பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

எலமிப்ரெடைடு என்னும் மருந்தின் கதை மேலும் தெளிவானது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள கார்டியோலிப்பின் என்னும் கொழுப்போடு அது பிணைகிறது. பலவகை மரபணுக் கோளாறுகள் கலந்த மைட்டோகாண்ட்ரியத் தசைநோயாளிகளிடம் அதன் மூன்றாம் கட்டச் சோதனை தோற்றது. ஆனால் கார்டியோலிப்பின் உருவாக்கமே பழுதாகும் பார்த் நோய்க்கு அம்மருந்தைப் பயன்படுத்த, தசைவலிமை கூடியதன் அடிப்படையில் 2025இல் அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்தது. பழுது எதுவென்று தெரிந்த இடத்தில் மருந்துக்கு வழி பிறந்தது.

முதுமை ஒற்றைப் பழுதன்று. எனவே வயதை மட்டும் தகுதியாக்கிச் சோதிப்பதை விட்டு, மைட்டோகாண்ட்ரியக் குறை உறுதிப்பட்ட முதியோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரத்தக் குறியீடுகள் மாறியதை வெற்றியாக அறிவிக்காமல், நடை, வலிமை, தன்னுதவி ஆகியவற்றையே முதன்மை அளவுகோல்களாக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை ஆயுளை நீட்டிப்பதாக விற்கப்படும் மைட்டோகாண்ட்ரிய மாத்திரைகளை மருத்துவர்கள் பரிந்துரைக்க அடிப்படையில்லை.