பொன்சன்பி பிரபுவின் மசோதா

ஹுத்தான் மெலிந்தாங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் சீவிப் பிழைத்த தலைமுறைக்கு வைத்தியர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்தான். பட்டம் பெற்ற டாக்டர் என்றோ ஒரு நாள் வந்து போவார். தீரா நோயில் விழுந்தவர் லயத்து வீட்டிலேயே, உற்றார் பார்த்திருக்க, முடிவை எதிர்நோக்கிக் கிடந்தார். அக்காலத்தில்தான், 1936 டிசம்பர் 1ஆம் தேதியன்று, லண்டனில் பிரபுக்கள் சபை ஒரு விசித்திரமான மசோதாவை விவாதித்தது. வேதனை தாளாத நோயாளி தன் மரணத்தைத் தானே கேட்டுப் பெறலாமா என்பதே விஷயம்.

மசோதா சர்க்காருடையது அன்று. தனி அங்கத்தினரான பொன்சன்பி பிரபுவினுடையது. லெஸ்டர் நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் கில்லிக் மில்லார்டு 1935இல் நிறுவிய சங்கம் அதற்குப் பின்னணியாக நின்றது. நோயாளிக்கு வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். நோய் தீராததாய், கொடிய வலி தருவதாய் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இரு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். மருத்துவச் சான்றுகள் வேண்டும். அதன்மேல் சுகாதார மந்திரி நியமிக்கும் நடுவர் ஒருவர் நோயாளியை நேரில் கண்டு விசாரிக்க வேண்டும்.

இத்தனை காவலும் மசோதாவுக்கே வினையாயிற்று. சாகக் கிடப்பவன் அறையில் படிவமும் விசாரணையுமா என்று கேட்டனர். காண்டர்பரி ஆர்ச்பிஷப் எதிர்த்தார். மருத்துவர்களான ஹார்டர் பிரபுவும் டாசன் பிரபுவும் எதிர்த்தனர். மரணத்தை மென்மையாக்குவது வைத்தியன் கடமையே, ஆயினும் அதனை அவன் மனச்சாட்சிக்கு விடுக, சட்டம் வேண்டா என்பது டாசனின் வாதம். ஆதரவு 14, எதிர்ப்பு 35. மசோதா வீழ்ந்தது.

ஐம்பது ஆண்டு கழித்து, 1986இல், டாசனின் சொந்தக் குறிப்புகள் வெளிவந்தன. அதே 1936 ஜனவரி 20ஆம் தேதி இரவு, நினைவிழந்து கிடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு மார்பியாவும் கொக்கேனும் ஊசி வழியாகச் செலுத்தி முடிவை விரைவுபடுத்தியவர் அவரே! மரணச் செய்தி தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் அல்லாமல் காலை ‘டைம்ஸ்’ இதழில் முதலில் வர வேண்டும் என்பதும் காரணங்களுள் ஒன்றாம். பத்திரிகைத் தொழிலுக்கு இதனினும் விபரீதமான மரியாதை வேறு கிடைத்திராது.

டாசன் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனச்சாட்சிக்கு விடுவதென்றால் மனச்சாட்சியுள்ள வைத்தியர் படுக்கையருகே இருக்க வேண்டுமே! இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்ததும் அந்த டிசம்பரில்தான். லயத்துக்காரனுக்கு டாசனும் இல்லை, நடுவரும் இல்லை. அவனுக்குச் சான்று எழுதக்கூடியவரும் தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர். ‘யார் ஒப்பமிடுவது?’ என்ற கேள்வியை வெறும் சம்பிரதாயம் என்று பிரபுக்கள் நகைத்தது, அவர்கள் பிரபுக்களாக இருந்ததனால்தான்.

அக்கேள்வி மீண்டும் வந்தது. கிம் லெட்பீட்டர் என்னும் பெண் அங்கத்தினரின் தனி மசோதா, ஆறு மாதத்துக்குள் இறப்பு உறுதி எனக் கருதப்படும் நோயாளிகளைப் பற்றியது. 2024 நவம்பர் 29இல் காமன்ஸ் சபையில் 330க்கு 275 என்று தேறியது. முதலில் உயர்நீதிமன்ற நீதிபதி அனுமதி தர வேண்டும் என்றிருந்தது. பரிசீலனைக் குழுவில் அது மாறி, சட்ட நிபுணர், மனநோய் மருத்துவர், சமூக சேவகர் மூவரடங்கிய குழுவாயிற்று. பொன்சன்பியின் நடுவர் மூவராகப் பெருகினார் எனலாம். 2025 ஜூன் 20இல் வாக்கு 314க்கு 291. துருவி ஆராய ஆராய, 55 ஆக இருந்த பெரும்பான்மை 23 ஆகக் குறைந்தது.

மலேசியாவிலோ தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை ஒட்டியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் பார்லிமெண்டு நீக்கிற்று. அது சர்க்கார் மசோதா. பிறர் தற்கொலைக்கு உடந்தையாவோருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் 306ஆம் பிரிவு நீக்கப்படவில்லை.