தோட்டத்துப் பச்சிலையும் ஓடைத் தண்ணீரும்

ஜோகூர் நாட்டிற்கு 1909-ம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன்னர் அந்நாட்டின் செல்வமெல்லாம் ஆற்றங்கரைகளில் சீனர் பயிரிட்ட கம்பீரும் மிளகுமே. நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியில் ஒருவகை இக்கம்பீர் இலையினின்றே எடுக்கப்படுவதென்பதைப் பலர் அறியார். பாதை வந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் முதலிய பகுதிகளில் காடுகள் வெட்டுண்டன, ரப்பர் எழுந்தது, கங்காணிகளின் பின்னே தமிழரும் வந்தனர். வந்தவருடைய மூட்டையிற் கிடந்தவை சுக்கு, மிளகு, ஓமம், வசம்பு முதலியனவே. ஆயினும் மூட்டைக்கு அடங்காத ஒன்றையும் அவர்கள் சுமந்து வந்தனர். அது மருந்தறிவு.

தோட்டத்து வைத்தியர் என்றால் பட்டம் பெற்ற ஒருவரை எண்ணிவிடலாகாது. பெரும்பாலும் அவர் வயது முதிர்ந்த ஒரு மாது. காலையில் பால் வெட்டப் போவாள். மாலையில் பிள்ளைப்பேறு பார்ப்பாள். குழந்தைக்கு மாந்தம் என்றால் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பாள். அவளுக்குக் கூலி வெற்றிலை பாக்கு, மிஞ்சினால் ஒரு சேலை. ஊரிற் கண்ட பூண்டுகள் பல இம்மண்ணிலும் முளைத்திருக்கக் கண்டு அவள் மகிழ்ந்திருப்பாள். மலாய்க்காரரும் அவற்றை அறிந்தவரே. நம் வல்லாரை அவர்களுக்குப் பெகாகா. கீழாநெல்லியை அவர்கள் டுக்கோங் அனாக் என்பர். குழந்தையைத் தூக்கிச் சுமப்பது என்று பொருள். இலைக்காம்பின் அடியிற் காய்கள் வரிசையாய்த் தொங்குவதைக் கண்டு வைத்த பெயர். நிலவேம்போ அவர்களிடம் ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தம். ஒரே செடியின் கசப்பை வாயில் உணர்ந்த இரு சாதியாரும் நிலத்தையே நினைத்துப் பெயரிட்டது வியப்பன்றோ?

நிற்க, தோட்டங்களில் நம்மவரை மிகுதியாய் மாய்த்தது மாந்தமும் அன்று, காமாலையும் அன்று, முறைக்காய்ச்சலே. அதற்கும் அந்த மாது நிலவேம்புக் கஷாயம் வைத்தாள். சுரத்தின் வெம்மையும் உடல்நோவும் அதனாற் சிறிது தணிந்திருத்தல் கூடும். ஆனால் இரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியை அஃது ஒழிக்கும் என்பது மனிதரிடத்தில் நிலைநாட்டப்பட்டதில்லை. கஷாயம் தோற்ற இடத்தில் கோடாங்கி வந்தான். பெரிய மரத்தை வெட்டினீர், அதிலிருந்த முனி இறங்கிப் பிடித்துக்கொண்டது என்றான். கோழி அறுபட்டது, காய்ச்சல் நிற்கவில்லை.

கோடாங்கி சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்ததென்பதுதான் வேடிக்கை. கொசுவே மலேரியாவைச் சுமப்பதென்று ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் வழி கண்டார். 1901-ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் காட்டை அழித்துச் சதுப்பு நீரை வடித்தார்; காய்ச்சல் குறைந்தது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களிற் கையாண்டபோது காய்ச்சல் குறையாமல் ஏறிற்று. என்னை? கடலோரத்து நிழற் சதுப்பில் வளரும் கொசு வேறு. குன்றின் அடியில், வெயில் படும் தெளிந்த ஓடையிற் பெருகும் கொசு வேறு. மரங்கள் நின்றவரையில் ஓடைக்கு நிழல் இருந்தது. மரம் விழுந்தது, வெயில் இறங்கிற்று, அவ்வெயிலோடு அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் கொசு வந்தது. முனி இறங்கவில்லை. ஜோகூரின் உள்நாட்டுத் தோட்டங்களும் இத்தகைய குன்றுகளும் ஓடைகளும் நிறைந்தவையே. ஓடையை மண்ணுக்கடியிற் குழாயிட்டுச் செலுத்துவதும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் வாட்சன் காட்டிய வழிகள். மண்வெட்டி பிடித்தவரும், எண்ணெய்த் தகரத்தை முதுகிற் சுமந்தவரும் நம்மவர். சுகாதார நூல்கள் வாட்சன் பெயரைச் சொல்லும். இவர்கள் பெயரைச் சொல்லா.

இனி, காலின் கீழிருந்து ஏறிய பகையொன்று உண்டு. அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் 1915-ல் டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழுவைக் கீழ்நாடுகளுக்கு அனுப்பினர். மலாயாவில் அவர்கள் ஆராய்ந்தது கொக்கிப்புழுவை. மலத்தோடு வெளிவந்த முட்டை ஈரமண்ணிற் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். விடியலில், நிழல் மூடிய ஈரத்தரையில் செருப்பின்றி நடக்கும் பால்வெட்டுக்காரரைவிட அதற்கு வாய்ப்பானவர் யார்? சோம்பேறி என்று துரையால் திட்டப்பட்டவரிற் பலர் இரத்தம் வற்றிய நோயாளிகளே. அக்காலத்து மருந்தும் ஒரு பச்சிலைச் சரக்கே. அமெரிக்கப் பூண்டொன்றினின்று வடித்த எண்ணெய். அளவு மீறின் ஆளையே கொல்லும். இயற்கையிற் கிடைத்தது ஆதலால் தீங்கில்லை என்பாரை இதனை எண்ணிப் பார்க்கச் சொல்லவேண்டும். புழுவிற்கு மருந்தினும் மேலான தடை கக்கூஸ். அதைக் கட்டிய நிர்வாகங்கள் உண்டு. கட்டியபின் திரும்பிப் பாராத நிர்வாகங்களும் உண்டு. நம்மவர் குற்றமும் உண்டு. அதைத் துப்புரவு செய்வது ஒரு சாதியாரின் தலைவிதி என்று கடல் கடந்தும் வைத்திருந்தோம். தோட்டி என்று தள்ளிவைக்கப்பட்டவன் ஒருநாள் நின்றால் லயத்தில் எத்தனை பேர் படுப்பர் என்பதை எவரும் கணக்கிடவில்லை. கஷாயம் காய்ச்சினவளுக்கு வெற்றிலையேனும் வைத்தோம். அவனுக்கு அதுவும் இல்லை.

கொய்னாவும் மரப்பட்டைதான். தென்னமெரிக்க மலைவாணர் தந்தது. 1860-க்குப் பின் நீலகிரியிலும் பயிராயிற்று. பின்னர் உலகத்துக் கொய்னாவில் மிகப்பெரும்பகுதி ஜாவாவினின்றே வந்தது. 1942-ல் ஜாவா ஜப்பானியர் வசமானது. தோட்டங்களில் கொய்னா அருகிற்று. நிலவேம்பும் வேப்பம்பட்டையும் மீண்டும் அடுப்பேறின. சயாம் இரயில்வேக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர் 1943-ல் வாந்திபேதியில் மடிந்தபோது, அவர்களுக்கு வேண்டியிருந்த முதல் மருந்து கொதித்தாறிய தண்ணீர். அதைக் காய்ச்சிக் கொடுக்கத் தடையின்றி விட்டிருந்தால் எத்தனையோ உயிர் நின்றிருக்கும்.

நாட்டு வைத்தியத்தைச் சோதனையிட்டு ஏற்கவேண்டும் என்பது புதிய பேச்சன்று. 1907-ல் சென்னையில் வாரப்பத்திரிகை தொடங்கிய அயோத்திதாச பண்டிதரே சித்த வைத்தியர்தாம். சென்னை அரசாங்கம் 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது; 1924-ல் இந்திய வைத்தியப் பள்ளியும் உண்டாயிற்று. ஆயின் தோட்டத்து மாதின் அறிவு எந்தப் பள்ளியையும் எட்டவில்லை. வெளியே சொன்னால் மருந்து பலியாது என்ற நம்பிக்கை அவள் வாயை அடைத்தது. எழுத்தறியாமை அவள் கையை அடைத்தது. சீனரைப் பாருங்கள். கே ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் ஒரு பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்க எழுதிவைத்தார். காய்ச்சவேண்டும் என்று அவர் சொல்லாததைக் கவனித்தே தூ யூயூ அம்மையார் 1970-களில் சூடு குறைத்துச் சாறெடுத்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது. நம் கீழாநெல்லியும் சோதிக்கப்பட்டது. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர் மஞ்சட்காமாலைக் கிருமியொன்றின்மீது அது நற்பயன் தந்ததாக வெளியிட்டனர்; பிறர் செய்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. தோற்றாலும் சோதனை சோதனையே.

மலேசியாவில் 2016-ம் ஆண்டுச் சட்டம் மரபு வைத்தியருக்குப் பதிவு முறை வகுத்தது. சித்தமும் அதில் அடங்கும். ஜோகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் மரபு வைத்தியப் பிரிவும் உண்டு. தோட்டங்கள் பல செம்பனையாயின. லயத்தார் ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் பெயர்ந்தனர். அடுக்குமாடித் தாழ்வாரத்துத் தொட்டியில் ஓமவல்லி இன்றும் வளர்கிறது. எத்தனை இலை, எத்தனை நாள் என்று கேட்டால், "ஆயாவுக்குத் தெரியும்" என்கிறார்கள். ஆயாவோ எழுதிவைக்காமலே போய்விட்டாள்.