ட்ரோல்ஹேட்டனின் எரிசாராயக் கார்கள்

டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் இன்ஜினிலிருந்து எவ்வளவு சக்தியைக் கறக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டுவது நாக்கிங். புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான வாயு டர்பைனைச் சுழற்ற, அது வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், சக்தியும் கூடும். ஆனால் அழுத்த அழுத்தக் காற்று சூடேறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகப் பற்றி வெடித்துவிடும். அப்போது எழும் ‘டக் டக்’ ஓசைதான் நாக்கிங். நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

எத்தனால் இந்த வரம்பைத் தள்ளிவைக்கிறது. அதன் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். எளிதில் தானாகப் பற்றாது. ஊசி போடுமுன் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதுபோல, ஆவியாகும்போது அது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்க, ஒரு கிலோ பெட்ரோலுக்குத் தேவைப்படுவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். தவிர, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால் எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாகத் தெளிக்கப்படுகிறது. சிலிண்டர் அந்த அளவுக்கு மேலும் குளிர்கிறது. இதற்கான விலை மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

நூறாண்டுகளுக்கு முன்பே இது தெரிந்திருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹேரி ரிக்கார்டோ எரிபொருள்களை ஒவ்வொன்றாக இன்ஜினில் ஓட்டி, எது எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று அளந்தார். எத்தனால் உள்ளிட்ட சாராய வகைகள் நாக்கிங்கை எதிர்ப்பதில் முன்னணியில் நின்றன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921 அக்டோபரில், 30 சதவீதம் சாராயம் கலந்த எரிபொருளில் ஓடும் உயர் அழுத்த இன்ஜின் காரை டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸில் நடந்த பொறியாளர் கூட்டத்துக்கு ஓட்டிச் சென்றார். அதே ஆண்டு டிசம்பரில் அவரே டெட்ராஎத்தில் ஈயத்தின் நாக்கிங் தடுக்கும் திறனைக் கண்டறிந்தார். ஒரு காலன் பெட்ரோலுக்குச் சில மில்லிலிட்டர் ஈயம் போதும். அதற்குக் காப்புரிமையும் எடுக்கலாம். சாராயத்தை வீட்டுக் கொல்லையில்கூட வடிக்கலாம், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. 1923-இல் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய நஞ்சால் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆனாலும் ஈயமே அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது.

சாராயத்தை முற்றிலும் மறக்காத நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. கரும்பு அங்கே விளையாது. காடு மட்டும் ஏராளம். காகித ஆலைகளில் மரக்கூழ் பிரித்தபின் மிஞ்சும் கழிவுநீரில் சர்க்கரை இருக்கும். அதைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். 25 சதவீதம் சாராயம் கலந்த பெட்ரோல் ‘லேட்பென்டில்’ என்ற பெயரில் விற்றது. அரபு எண்ணெய் மலிவான பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது.

எத்தனாலின் குணத்தை முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய கார் அதே நாட்டில், எத்தனாலுக்குச் சம்பந்தமே இல்லாமல் உருவாகியது. ட்ரோல்ஹேட்டன் நகரின் சாப் நிறுவனத்துக்குப் பெரிய இன்ஜின் செய்யப் பணவசதி இல்லை. இருந்த 2 லிட்டர் இன்ஜினிலேயே டர்போ மாட்டி 1977-இல் 99 டர்போவைக் காட்டியது: 145 குதிரைத்திறன். அடுத்த தலைவலி பெட்ரோல். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் ஆக்டேன் மாறும். மட்டமான பெட்ரோலை ஊற்றினால் டர்போ இன்ஜின் நாக் அடிக்கும். 1980-களின் தொடக்கத்தில் சாப் கொண்டுவந்த ஏபிசி என்னும் அமைப்பு இதற்கு விடை. இன்ஜின் பிளாக்கில் பொருத்திய உணரி நாக்கிங்கின் அதிர்வைக் கேட்கும். கேட்ட நொடியே டர்போவின் அழுத்தம் குறைக்கப்படும். நல்ல பெட்ரோல் இருந்தால் அழுத்தம் மீண்டும் ஏறும். எரிபொருள் எதுவோ அதற்குத் தக்க சக்தி என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. 1990-களின் டிரையோனிக் கணினி இன்னும் ஒரு படி மேலே போனது: தீப்பொறி முடிந்த கையோடு ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் செலுத்தி, அங்கு ஓடும் மின்னோட்டத்தை வைத்தே எந்தச் சிலிண்டரில் நாக்கிங் என்று கண்டுகொண்டது.

இதே காலத்தில் வடக்கே ஆர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் எத்தனால் ஆர்வலர்கள் அமெரிக்காவிலிருந்து சில ஃபோர்டு டாரஸ் கார்களை இறக்குமதி செய்து இ85-இல் ஓட்டிப் பார்த்தார்கள். 85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல் என்பது இ85. 2001-இல் ஃபோர்டு ஃபோகஸின் ஃபிளெக்ஸிஃபியூயல் வகை ஸ்வீடனுக்கு வந்தது. அது டர்போ இல்லாத சாதாரண இன்ஜின். இ85 ஊற்றினால் ஓடும், லிட்டருக்குக் குறைந்த தூரம். வேறு பெரிய ஆதாயம் இல்லை. அரசு எத்தனாலுக்கு எரிபொருள் வரி விலக்கு தராவிட்டால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

2005-இல் வந்த சாப் 9-5 பயோபவர் இந்தக் கணக்கை மாற்றியது. அதன் 2 லிட்டர் டர்போ இன்ஜின் பெட்ரோலில் 150 குதிரைத்திறன், இ85-இல் 180. முறுக்குவிசை 240-லிருந்து 280 நியூட்டன் மீட்டராக ஏறியது. இன்ஜின் ஏறக்குறைய அதேதான். வால்வுகளும் அவற்றின் இருக்கைகளும் கடினமான உலோகத்துக்கு மாறின. டேங்க், பம்ப், குழாய்கள், இணைப்புகள் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சில உலோகங்களை அரிக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும் என்பதால் இதெல்லாம் கட்டாயம். டேங்கில் எத்தனால் எவ்வளவு என்று அளக்கத் தனி உணரி வைக்கவில்லை. ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பிய பிறகும் டிரையோனிக், புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரியைக் கொண்டு கலவை விகிதத்தைத் தானே கணக்கிட்டது. நாக்கிங் வராத வரை டர்போ அழுத்தத்தை உயர்த்தி, தீப்பொறியின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. கால் நூற்றாண்டாக மட்டமான பெட்ரோலைச் சமாளிக்கக் கற்ற கணினி, மிக நல்ல எரிபொருள் கிடைத்ததும் அதே பாடத்தை எதிர்த்திசையில் நடத்தியது என்று சொல்லலாம். பசுமைக்காக வாங்கிய கார் வேகத்திலும் முந்தியதை விளம்பரக்காரர்கள் விடுவார்களா?

அரசும் கைகொடுத்தது. 2006 ஏப்ரல் முதல் பெரிய பெட்ரோல் பங்குகள் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் ஒன்றையாவது விற்றாக வேண்டும் என்று சட்டம் வந்தது. உயிரி எரிவாயு நிலையம் அமைப்பதைவிட எத்தனால் பம்ப் நிறுவுவது மலிவு என்பதால் பெரும்பாலோர் இ85-ஐயே தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டாக்ஹோமின் நெரிசல் கட்டணத்திலிருந்து எத்தனால் கார்களுக்கு விலக்கு, பல நகரங்களில் இலவசப் பார்க்கிங், 2007-இல் தொடங்கி 10,000 குரோனர் மானியம். எத்தனால் மட்டும் பெருமளவு பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தது.

குளிர்தான் தொல்லை. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது, ஆவி இல்லாமல் இன்ஜின் பற்றாது. அதனால் குளிர்காலத்தில் ஸ்வீடன் பங்குகளில் இ85 என்ற பெயரிலேயே 75 சதவீத எத்தனால்தான் விற்றது. இரவில் காரை நிறுத்தும்போது முன்புறப் பிளக்கில் மின்கம்பி செருகி இன்ஜினைச் சூடாக வைத்திருப்பது அந்த நாட்டில் முன்பே பழக்கம். எத்தனால் கார் வாங்கியவர்களுக்கு அது அத்தியாவசியமானது.

தெற்கே எங்கல்ஹோம் நகரில் கோனிக்செக் என்ற சிறு நிறுவனம் பணத்தைப் பற்றிய கவலையில்லாதவர்களுக்கு இதே வித்தையைச் செய்தது. 2007-இல் அதன் சிசிஎக்ஸ் கார் பெட்ரோலில் 806 குதிரைத்திறன் தர, இ85-க்கு மாற்றிய சிசிஎக்ஸ்ஆர் 1,018 தந்தது. அவை பெல்ட்டில் சுழலும் சூப்பர்சார்ஜர் கொண்டவை. பின்வந்த அகேரா ஆர் இரட்டை டர்போவுடன் இ85-இல் 1,100-ஐத் தாண்டியது. 2019-இல் காட்டப்பட்ட ஜெஸ்கோவுக்குப் பெட்ரோலில் 1,280, இ85-இல் 1,600. இடையே 2009-இல் இதே கோனிக்செக் சாப் நிறுவனத்தை வாங்க முன்வந்து, சில மாதங்களில் பின்வாங்கியது.

சாப் அதற்குப் பிறகு நெடுநாள் தாங்கவில்லை. 2011 டிசம்பரில் திவாலானது. எத்தனால் அலையும் அதற்கு முன்பே வடியத் தொடங்கியிருந்தது. 2008-இன் இறுதியில் பெட்ரோல் விலை சரிந்ததும், கூடுதலாகக் குடிக்கும் இ85-இல் லாபம் இல்லாமல் போயிற்று. உணவுப் பயிரை எரிபொருளாக்குவது சரியா என்ற விவாதமும் சேர்ந்துகொண்டது. 2009 நடுவில் மானியம் நின்றது.

டர்போ ஆர்வலர்கள் மட்டும் விடவில்லை. பெட்ரோல் பங்கில் மலிவாகக் கிடைக்கும் பந்தய எரிபொருள் இ85 என்பதை ஸ்வீடனிலும், சோள எத்தனால் பெருகிய அமெரிக்காவிலும் கண்டுகொண்டார்கள். பழைய பெட்ரோல் டர்போ காரை அதற்கு மாற்றப் பெரிய இன்ஜெக்டர், வலுவான பம்ப், மாற்றி எழுதிய கணினி மென்பொருள் ஆகியவை வேண்டும். தெளிக்கும் எரிபொருளின் அளவு மூன்றில் ஒரு பங்காவது கூட வேண்டுமே. முதல் சில டேங்குகளில் எத்தனால் பழைய கசடைக் கழுவி ஃபில்டரை அடைக்கும் என்பதால் அதையும் மாற்றுவார்கள். அமெரிக்கத் தரவிதிப்படி இ85-இல் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே எரிபொருள் குழாயிலேயே எத்தனால் உணரி பொருத்துவது அங்கே வழக்கமானது. இண்டிகார் பந்தயமும் 2012-இல் 2.2 லிட்டர் டர்போ வி6 இன்ஜினுக்கு மாறியபோது இ85-ஐயே எரிபொருளாக வைத்தது.