காகிதத்தைக் காத்தவர்கள்



மத்ரஸாவில் மாலை வகுப்பு முடிந்த பின் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உஸ்தாத், திப்பு சுல்தான் நல்லவரா, கெட்டவரா?" கைப்பேசியில் அவர் அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு காணொளிகளில் ஒன்று திப்புவை இறைநேசர் ஆக்கியிருந்தது, மற்றொன்று கொடுங்கோலர் ஆக்கியிருந்தது. காரிமங்கலத்துப் பிள்ளைக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி அன்று. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் அமைந்த நம் ஊரும் சுற்றுப்புறமும் பாராமகால் என்று அழைக்கப்பட்ட நிலத்தைச் சேர்ந்தவை. ஹைதர் அலியும் திப்புவும் ஆண்ட இந்நிலம், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி கும்பினியார் கைக்குப் போயிற்று.

காணொளிகளை விட்டு நூல்களுக்கு வந்தாலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 2016-இல் கேட் பிரிட்டில்பேங்க் திப்புவின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 2024-இல் விக்ரம் சம்பத் எழுதிய விரிவான நூல் வந்தது. ஒரே மனிதர், இரு வேறு சித்திரங்கள். சமூகம், வரலாறு, அரசியல் குறித்து இன்று வரும் புதிய நூல்கள் பலவற்றின் இயல்பு இதுதான். நமக்குப் பிடித்ததைச் சொல்லும் நூலை வாங்கிக்கொண்டு மற்றதைத் தூற்றுவது எளிது. ஆனால் அது நம் மார்க்கம் கற்றுத்தந்த வழி அன்று.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே பொய்யில் சேரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இந்த அடிப்படையில்தான் ஹதீஸ் கலை எழுந்தது: யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் அறிஞர்கள் சோதித்தார்கள். 1377-இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக முன்னோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுத்துப் போரிட இயலுமா என்று கேட்டார். சொன்னவரின் நாணயத்தோடு சொல்லப்பட்ட செய்தியின் சாத்தியத்தையும் எடை போட வேண்டும் என்பது அவர் தந்த பாடம்.

அந்த மாணவருக்கு நான் சிருங்கேரியின் செய்தியைச் சொன்னேன்.

1791-இல் மராத்தியப் படையோடு வந்த கொள்ளைக் கூட்டத்தினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினர். பலர் கொல்லப்பட்டனர், சாரதா தேவியின் சிலையும் தன் இடத்திலிருந்து அகற்றப்பட்டது. மடாதிபதி திப்புவுக்கு எழுதினார். திப்பு அவரை ஜகத்குரு என்று மரியாதையுடன் விளித்துப் பதில் எழுதியதோடு, தேவியை மீண்டும் நிலைநிறுத்தப் பணமும் பொருளும் வழங்க ஆணையிட்டார். கன்னடத்தில் எழுதப்பட்ட இத்தகைய கடிதங்கள் சுமார் 30, மடத்திலேயே பாதுகாக்கப்பட்டிருந்தன. 1916-இல் மைசூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவர் ஆர். நரசிம்மாச்சாரியார் அவற்றைக் கண்டெடுத்து வெளியுலகுக்கு அறிவித்தார்.

இதைச் சொல்லும்போதே அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குடகிலும் மலபாரிலும் திப்பு நடத்திய படையெடுப்புகளின் கடுமையும், அங்கு நிகழ்ந்த கட்டாய மதமாற்றங்களும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அவற்றை மறைப்பது நேர்மை ஆகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்று குர்ஆன் (5:8) கூறுகிறது. வெறுப்புக்கு உள்ள அதே விதி நேசத்துக்கும் உண்டு. திப்பு ஓர் அரசர். அரசராகவே அவரை எடை போட வேண்டும்.

ஆனால் இங்கு நான் நின்று யோசிப்பது வேறொன்று. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது, சுமார் 2,000 தொகுதிகள் கொண்ட திப்புவின் நூலகம் வெற்றி பெற்றவர்களின் கைக்குப் போயிற்று. 1809-இல் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர்தான் அதற்கு விளக்கப் பட்டியல் வெளியிட்டார். சுல்தானின் சொந்த நூல்கள் அந்நியர் வசம் சென்றன. அவருக்காகப் பேசும் மிக வலுவான சாட்சியமோ ஓர் இந்து மடத்தின் ஆவணக் கட்டுகளில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. அக்காகிதங்களைக் காத்தவர்களுக்கு நாம் நன்றிக் கடன்பட்டுள்ளோம். அப்படியானால் நம் பள்ளிவாசல்கள் எதைக் காத்து வைத்துள்ளன?

தமிழ் முஸ்லிம்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் சிறந்த ஆய்வு நூல்கள் வந்துள்ளன. ஜெ. ராஜா முகமது சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை எழுதினார். 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலாவை அதன் மலாய், ஜாவானிய வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார். இவை மகிழ்ச்சிக்குரியவை. எனினும் இந்நூல்களில் காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பேசும் அளவுக்கு உள்நாட்டு ஊர்கள் பேசுவதில்லை. தமிழும் உருதுவும் கலந்து ஒலிக்கும் நம் மஹல்லாக்கள் எப்போது, எவ்வாறு அமைந்தன என்று தேடினால், 1792 முதல் 1799 வரை இங்கு பணியாற்றிய அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் விட்டுச்சென்ற பாராமகால் ஆவணங்களிடம்தான் போக வேண்டியுள்ளது. விளைச்சல், தொழில், குடிகள், வரி என்று அவை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் கேட்டவர் வரி தண்ட வந்தவர். அவருக்கு வேண்டியதையே அவர் கேட்டார்.

உள்நாட்டு மக்களின் வரலாற்றை எழுத முடியாது என்று யாரும் எண்ண வேண்டாம். வங்காளத்தின் சிற்றூர்களில் இஸ்லாம் பரவிய விதம் குறித்து ரிச்சர்ட் ஈட்டன் 1993-இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் முக்கியச் சான்றுகளில் சில, காட்டைத் திருத்திப் பயிரிடவும் சிறு பள்ளிவாசல்களைப் பராமரிக்கவும் முகலாயர் காலத்தில் வழங்கப்பட்ட நில மானியப் பத்திரங்கள். கிராமத்துப் பள்ளிவாசலின் ஒரு துண்டுக் காகிதம் பெரிய வரலாற்றுக்கு அடித்தளம் ஆயிற்று. அந்தக் காகிதம் எஞ்சியிருந்ததால்தான் அது நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசலில், ஒரு குடும்பத்தின் வாரிசு விவகாரத்துக்காகப் பழைய நிக்காஹ் தஃப்தரைத் தேடினோம். மிம்பருக்குப் பின்னால் இருந்த மர அலமாரியைத் திறந்தபோது, மேலே இருந்த இரண்டு தஃப்தர்கள் மட்டுமே தாள்களாக இருந்தன. கீழே இருந்தவை கரையான் மண்ணாகியிருந்தன. எத்தனை தலைமுறையின் பெயர்கள், மஹர் தொகைகள், சாட்சிகளின் கையொப்பங்கள்! அங்கிருந்த முதியவர் ஒருவர், தம் பாட்டியின் பெயரை இனி எங்கே பார்ப்பது என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது உணர்ச்சி சார்ந்த இழப்பு மட்டும் அன்று. பத்திரம் இல்லாவிட்டாலும் நெடுங்காலப் பயன்பாட்டைக் கொண்டே ஒரு சொத்தை வக்ஃப் என ஏற்கும் முறையை 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் இனிவரும் காலத்துக்கு நீக்கியுள்ளது. அதே ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட உமீத் இணையதளத்தில் வக்ஃப் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றும் கடமையும் முத்தவல்லிகள் மீது விழுந்தது. சட்டத்தின் நியாயம் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வாதங்கள் எழுப்பப்பட்டுள்ளன. ஆனால் எந்தச் சபையிலும் முதலில் கேட்கப்படுவது "காகிதம் எங்கே?" என்பதே. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறு தொகையாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்பது அதன் கருத்து. அதை ஓதுகிற நாம்தான் தஃப்தரைக் கரையானுக்கு விட்டோம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யத்தக்கவை எளியவை. நிக்காஹ் தஃப்தர், வரவு செலவுக் கணக்கு, வக்ஃப் பத்திரம் ஆகியவற்றை இரும்பு அலமாரிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வைத்திருங்கள். கபுருஸ்தானிலும் பள்ளிச் சுவரிலும் உள்ள கல்லெழுத்துகளை, சுண்ணாம்பு பூசப்படும் முன் பதிவு செய்யுங்கள். உருதுவிலும் பாரசீகத்திலும் உள்ள பழைய தாள்களை, படிக்கத் தெரிந்த ஆலிம்கள் இருக்கும்போதே தமிழில் எழுதச் செய்யுங்கள். முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும், தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அதுவே நம் முன்னோரின் இஸ்னாத் முறை.

அந்த மாணவரும் அவருடைய தோழர்கள் மூவரும் இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு தஃப்தரைப் படமெடுத்து வருகிறார்கள். திப்பு நல்லவரா என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒற்றைச் சொல்லில் பதில் தரவில்லை. அவரும் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "அதற்கு என்ன ஆதாரம், உஸ்தாத்?" என்று கேட்கிறார்.

உண்மையை உண்மையாகக் காணவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.