கேமரா தண்ணீருக்குப் பயந்த கதை

காட்டாற்றில் படகு விடுபவர் கேமராவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் பயமும் கூடவே ஏறிக்கொள்கிறது. கருவிகள் மேம்பட மேம்பட இந்தப் பயம் குறைந்திருக்கும் என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. கேமரா கைக்கு அடக்கமாக ஆக ஆகத்தான் பயம் கூடியது.

அந்த ஆற்றில் ஜான் வெஸ்லி பவல் மேற்கொண்ட 1869 பயணத்தில் புகைப்படக்காரரே இல்லை. 1871 மே மாதம் வயோமிங்கிலிருந்து அவர் மறுபடி புறப்பட்டபோது ஈ. ஓ. பீமன் புகைப்படக்காரராக உடன் போனார். படகோட்டியாக வந்த ஜாக் ஹில்லர்ஸே பின்னாளில் அந்த வேலையை ஏற்றார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். அதற்குக் கிடைத்தது சில நிமிடங்களே. ஆகவே இருட்டுக் கூடாரமும் ரசாயனப் பெட்டியும் கரையேறின. ஓடும் படகிலிருந்து படமெடுக்கும் பேச்சே எழவில்லை. படகுக்குத் திரும்பிய தகடு ஏற்கெனவே கழுவி வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். நனைவதைவிட உடைவதே அதற்கு ஆபத்து. பவலின் படகுகளில் மூடிய அறைகளும் ரப்பர் பைகளும் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, ஆனால் மாவு, துணிமணி, அளவைக் கருவிகள் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான காப்பு அது.

அதே 1871இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டு முறையை வெளியிட்டார். 1888இல் நூறு படங்களுக்கான சுருளோடு கோடாக் கேமரா வந்தது. எடுத்த படத்தை அங்கேயே கழுவ வேண்டிய கட்டாயம் நீங்கியது. கூடவே, உருத்துலக்காத படங்கள் வாரக்கணக்கில் படகிலேயே பயணப்பட்டன. ஜெலட்டின் தண்ணீர் பட்டால் ஊதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நனைந்தாலே சுருள் முழுவதும் பாழாகலாம். 1911–12இல் எல்ஸ்வொர்த், எமரி கோல்ப் சகோதரர்கள் திரைப்படக் கேமராவோடு அதே ஆற்றில் இறங்கினார்கள். சீறிப் பாயும் நீரைப் படமாக்குவதே அவர்கள் நோக்கம். கேமராப் பெட்டியைத் திறந்தால் நனையும், மூடினால் படமில்லை என்ற இக்கட்டு இங்கேதான் பிறக்கிறது.

படகு கவிழ்ந்தால் கண்ணாடித் தகடும் போயிருக்கும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் கவிழ்ந்தால் நீர்க்காப்பில்லாத எந்தக் கருவியும் எளிதில் தப்புவதில்லை. காலத்துக்குக் காலம் மாறியது தெறிக்கும் நீரின் ஆபத்து. 1963இல் வந்த நிக்கோனாஸ் கேமரா, தன் உடம்பையே நீர் புகாத பெட்டியாக்கி இந்த இக்கட்டை நேராக எதிர்கொண்டது. ஓடும் படகிலேயே படமெடுக்கும் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலைதான் நீர்க்காப்பு. எனவே ஆற்றுக்குக் கேமராப் பெட்டி வாங்குபவர், எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதோடு எவ்வளவு விரைவாகத் திறந்து மூட முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.