கல்மூங்கில் போய்வந்த வழி

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையே அவருக்குப் பெயராகி, மீனெறி தூண்டிலார் என்று நிலைத்துவிட்டது. காட்டு யானை வளைத்துப் பிடித்த பசுமூங்கில், அது கைவிட்டதும் விசையோடு மேலெழுவதை, மீன் கவ்வியதும் வெடுக்கென்று உயரும் தூண்டிற்கழியோடு ஒப்பிட்டவர் அவர். பாடல் தலைவியின் துயரத்தைப் பற்றியது. ஆனால் தூண்டில் பிடித்த கை ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதே என் எண்ணம். வளைவதும் மீள்வதுமான அந்தக் குணத்தைத்தான் இன்றைக்குத் தூண்டில் விற்பவர்கள் 'ஆக்ஷன்' என்கிறார்கள். கழியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: நுனி மட்டும் வளைகிறதா, இடுப்புவரை வளைகிறதா, வளைந்தது எவ்வளவு விரைவாக நிமிர்கிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலைப்பாதையில் ஏறுகிறவர்கள், காபித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் தொடங்குவதற்கு முன்னால், கீழ்ச்சரிவின் மூங்கில் புதர்களைக் கடந்துதான் போகிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட சரிவுகளுக்கு உரியது கல்மூங்கில். உள்ளே துளை மிகச் சிறியது. சில கழிகளில் துளையே இராது. குதிரைப்படையின் ஈட்டிக்காம்புக்கும் காவல்துறையின் தடிக்கும் விரும்பப்பட்டது அது. தாவரவியலார் டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்று பெயரிட்ட இந்த மூங்கிலினம் இந்தியாவின் பல பகுதிகளில் விளைகிறது. வங்கத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியபோது அதற்கு 'கல்கத்தா கேன்' என்று வேறொரு பெயர் கிடைத்தது.

அந்தப் பெயரோடு அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் நடுவரை அங்கே தூண்டிற்கழிகள் ஹிக்கரி மரத்திலும், கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரத்திலும் செய்யப்பட்டன. கனமானவை, ஒரு நாள் முழுக்க வீசினால் தோள் கழன்றுவிடும். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் ஃபிலிப் என்பவர் 1840களில் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, சிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கழி செய்து பார்த்தார். பிறகு மெய்ன் மாநிலத்து ஹைரம் லியனர்ட் ஆறு சிம்புகளைச் சேர்த்த அறுகோணக் கழியைத் தொழிலாகவே ஆக்கினார். இதிலுள்ள சூட்சுமம் எளியது. மூங்கிலின் வலு அதன் தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. உள்சதையைச் சீவித் தள்ளிவிட்டு, தோல்புறம் ஆறும் வெளியே இருக்கும்படி ஒட்டினால், மெல்லிய கழிக்குள் முழு மூங்கிலின் விசையும் வந்துவிடும்.

அமெரிக்காவின் பாஸ் தூண்டிற்கலை வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். பாஸ் அந்நாட்டு ஏரிகளிலும் ஓடைகளிலும் வாழும் மீன். களையின் நிழலில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும். 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் அதற்கென்று ஒரு முழு நூலே எழுதி, நீளக் கழிகளை விட்டுவிட்டுக் குட்டையான, இலேசான கழிக்கு மாறும்படி வாதாடினார். அந்த நூற்றாண்டின் பிளந்த மூங்கிற்கழிகளில் கல்கத்தா கேன் முதலிடத்தில் இருந்தது. வெட்டிய இடத்தில் நெருப்புக் காட்டியதால் விழுந்த கரும்புள்ளிகள் அவற்றில் உண்டு. இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தத் தீத்தழும்பை வைத்தே கழியின் வயதைக் கணிக்கிறார்கள். எந்தக் காட்டில், யார் மூட்டிய நெருப்பு என்று கேட்பதற்கு அவர்களுக்கு அவசியம் நேர்வதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து டாங்கின் கேன் வந்து நம் மூங்கிலை அந்தச் சந்தையிலிருந்து வெளியேற்றியது.

கழி மூங்கிற்காட்டிலிருந்து வந்ததென்றால், ரீல் கடிகாரக் கடையிலிருந்து வந்தது. கென்டக்கியில் பாரிஸ் என்று ஓர் ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரம் வைத்து ரீல் செய்தார். பின்னாளில் உலகெங்கும் பெயர்பெற்ற 'அம்பாசடர்' ரீலைச் செய்த ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். இன்று நம் இளைஞர்கள் பெரிதும் வாங்குகிற நிலையுருளை ரீலோ நெசவிலிருந்து வந்தது. 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து ஆலைக்காரர். உருளை அசையாமல் நிற்க, நூல் அதன் விளிம்பிலிருந்து தானே கழன்று ஓடுவதை அவர் தறிக்கு நூல் கொடுக்கும் கண்டுகளில் அன்றாடம் பார்த்திருப்பார்.

போலி இரைக்கு இத்தனை வரலாறு தேவையில்லை. படகில் உணவருந்திக்கொண்டிருந்த ஜூலியோ புயல் நழுவவிட்ட கரண்டியை மீன் பாய்ந்து கவ்வியதாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1852இல் அவர் கரண்டி இரைக்குக் காப்புரிமை பெற்றது உண்மை.

இந்தச் சாமான்கள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது இங்கே எந்த மீனைப் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. வெள்ளையருக்குத் தம் ஊர் ட்ரவுட் வேண்டியிருந்தது. 1860களில் மருத்துவர் ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்கு அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டை அவலாஞ்சியில் நிலைபெறச் செய்தார். சேர்வராயன் மலைக்கு அந்தப் பேறு இல்லை. 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்ட மலைதான். ஆனால் உயரம் ஐயாயிரம் அடிக்குச் சற்று மேலேதான். ட்ரவுட் கேட்கிற, ஆண்டு முழுவதும் குளிர்ந்தோடும் ஓடைகளும் அங்கே கிடையாது. சேலம் மாவட்டத்தின் தூண்டில் மீன் மலையில் இல்லை, மேற்கே பள்ளத்தில் காவிரியில் இருந்தது. 1965இல் தர்மபுரி பிரியும்வரை ஒகேனக்கல்லும் சேலம் மாவட்டமே. வானம் தெளிந்த நாளில் ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்றால் மேட்டூர் நீர்த்தேக்கம் மினுங்குவதைக் காணலாம் என்பார்கள். அந்த நீருக்கு மேற்புறத்துப் பாறை மடுக்கள்தாம் மகசீரின் வீடு.

மகசீர் கெண்டை இனம். வாயில் பல் கிடையாது, பற்கள் தொண்டையில். ஆனால் அது வாயை இறுக்கினால் இங்கிலாந்தில் சால்மனுக்கென்று செய்த முட்கள் நசுங்கின. உலோகக் கரண்டிகள் நெளிந்தன. சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் அச்சிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற நூல் இந்த வியப்பிலிருந்து பிறந்தது எனலாம். சீமைச் சாமான் இங்கே செல்லாது என்பதைப் பொறுமையாக விளக்கும் நூல் அது. முள் தடித்ததாக வேண்டும், கழியில் சதை வேண்டும், ரீலில் நூறு கஜத்துக்கு மேல் நூல் வேண்டும். அன்றைய நூல் பட்டு; நனைந்ததை அன்றன்றே உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். பிளந்த மூங்கிலை ஒட்டியிருந்ததோ பிராணிப் பசை. நம் வெயிலும் மழைக்கால ஈரமும் அதை இளக்கிவிடும். ஆக, இங்கிருந்து முழுதாகப் போன மூங்கில், சிம்புகளாகப் பிளந்து, விலையேறித் திரும்பியபோது, இந்த மண்ணின் வெயிலையே தாங்கமுடியாமல் போயிற்று. பருத்தியின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இராது.

இரை விஷயத்தில் சீமைப் பெட்டிகள் இன்னும் தாழ்ந்துபோயின. காவிரிப் பாறைகளுக்கிடையே பெருமீனுக்கு மிகப் பொருந்திய இரை ராகி மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டைதான். நெல்லிக்காயளவிலிருந்து எலுமிச்சையளவு வரை உருட்டி முள்ளைப் பொதிந்துவிடுவார்கள். மீன் நூலை இழுத்துக்கொண்டு பாறைகளுக்கிடையே ஓடினால் பின்தொடரப் பரிசல். எந்த மடுவில், எந்த நீர்மட்டத்தில் மீன் மேயும் என்று சொன்னவர்கள் பரிசல் ஓட்டியவர்கள். 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மகசீர் இன்றும் சாதனையாகக் குறிப்பிடப்படுகிறது. மைசூரில் புலிகளைப் பாடம் செய்து புகழ்பெற்ற குடும்பத்தவர் அவர். அன்று உடனிருந்தவர்கள் யாரென்று சாதனைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

தாமஸின் கழிக்கு இன்னொரு முகமும் உண்டு. மீன்வளம் குன்றுவதற்கு அவரும் டேயும் காட்டிய காரணங்களில் முதன்மையானவை ஊர்க்காரர்களின் பறி, சிறுகண் வலை, நஞ்சு. அவர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் விளைவுகளில் ஒன்று 1897இன் இந்திய மீன்வளச் சட்டம். வெடியும் நஞ்சும் வைத்து மீன் கொல்வதை அது தடைசெய்தது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அணைக்கட்டுகள் மீனின் வலசையைத் தடுப்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள். டேயின் ஆய்வுக்குத் தூண்டுதலே 1867இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய அந்தக் கவலைதான். ஆனால் பறிவைத்தவனைத் தண்டிக்க முடிந்தது, அணைகட்டியவரைத் தண்டிக்க முடியவில்லை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை, காவிரியில் மேலும் கீழும் போய்வந்த மீன்களுக்குக் குறுக்கே ஒரே சுவராக எழுந்தது. டெல்டாவின் சோற்றுக்கு அது தந்தது அதிகம், அதை மறுப்பவன் அல்லன் நான். மீன் கணக்கை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர்கள் வேடிக்கையாகத் தூண்டிற்காரர்களே. காவிரி மகசீர் அற்றுப்போயிற்று என்று எண்ணியிருந்த காலத்தில், 1970களின் பிற்பகுதியில், மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் வந்து பெருமீன்களைப் பிடித்துக்காட்டினார்கள். 1972இல் தொடங்கப்பட்டிருந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும், பிறகு கர்நாடகக் கரையின் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களும், பிடித்த மீனை எடைபோட்டுத் திரும்ப விடும் முறையைக் கொண்டுவந்தன. வெடிவைத்துக் கொண்டிருந்தவர்களில் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் பெற்றார்கள். மீனும் பிழைத்தது, ஊரும் பிழைத்தது என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கதையாக அது சில காலம் இருந்தது.

ஆனால் அதே நல்லெண்ணம் ஒரு காரியம் செய்தது. ஆற்றில் மீனைப் பெருக்க, மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா நிறுவனப் பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். மகசீர் மகசீர்தானே! காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் வேறொரு இனம் என்பது கண்ணுக்குத் தெரிந்ததே, அதற்கு உறுதியான அறிவியல் பெயர்தான் இல்லை. கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பிடிப்புக் கணக்குகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் எடுத்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு பெருகப் பெருகக் கூன்முதுகு மறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. கேரளத்தின் பாம்பாற்றில் முன்பே பெயரிடப்பட்ட டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று 2018இல் நிறுவினார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறியது. நூற்றைம்பது ஆண்டுகள் அதைப் பிடித்துப் படமெடுத்துக் கொண்டாடியவர்களுக்கு, பெயரும் இரங்கலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைத்தன.

இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் தூண்டில் வீசும் இளைஞர்களின் மீன் மகசீர் அல்ல, விரால். அமெரிக்க பாஸைப் போலவே களையடியில் பதுங்கி மேலே வருவதைக் கவ்வும் மீன். ஆகவே பாஸுக்கென்று அங்கே உருவான ரப்பர் தவளை இங்கே கச்சிதமாகப் பொருந்திவிட்டது. முட்கள் இரண்டும் உடலை ஒட்டி மேல்நோக்கி மடங்கியிருப்பதால் தாமரையிலைமேல் இழுத்தாலும் சிக்காது. உயிர்த்தவளையை முள்ளில் கோத்து விராலுக்குப் போட்ட தாத்தாக்களின் பேரன்கள், அந்தத் தவளையின் ரப்பர் உருவை விலைகொடுத்து வாங்குகிறார்கள். (உயிர்த்தவளைக்கு இது விடுதலை.) இதற்கு ஆறேழு அடிக் கழி போதும், ஆனால் விறைப்பாக இருக்கவேண்டும். விரால் கவ்வியதும் களைக்குள் புகும். இடுப்புவரை வளையும் மென்கழியால் அதை வெளியே இழுக்க முடியாது. நூலும் தங்கூசியைவிடப் பின்னல் நூலே நல்லது. அது நீளாது, களையை அறுத்துக்கொண்டு வரும். கவ்விய சத்தம் கேட்டதும் வெட்டி இழுக்காமல் ஓரிரு நொடி பொறுக்கவேண்டும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கழியோ இன்று கார்பன் இழை.

காவிரியின் முகாம்கள் வனவிலங்குச் சட்டத்தின்படி 2012க்குள் மூடப்பட்டன. அதோடு கலிபோரின் பிடிப்புக் கணக்கும் நின்றுபோயிற்று. கூன்முதுகு மகசீர் இன்னும் இனம்பெருக்கி வாழ்வதாக ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு குறிப்பிடும் இடம், நீலகிரியின் வடபுறத்துப் பள்ளத்தாக்கில், புலிகள் காப்பகக் காட்டின் வழியே ஓடும் மோயாறு. அங்கே தூண்டில் வீச யாருக்கும் அனுமதி கிடையாது.